ஊர்த் தேவாலயத்தின் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் சிற்றூர்களில் நிற்கும் இடைக்காலத் தேவாலயங்களைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுக்க வருவோர் பலதரப்பட்டவர்கள். உள்ளூர் வரலாற்றுக் குழுவினர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கட்டடக்கலை மாணவர்கள், அந்நாட்டில் குடியேறிய நம்மவர்களில் சிலர் என ஆர்வத்தோடு வரும் இவர்களுடன் சுவர்களைச் சுற்றி நடப்பதும், அவர்கள் எழுதும் வழிகாட்டிச் சிறுநூல்களை அச்சுக்குப் போகும்முன் படித்துத் திருத்துவதும் என் வேலையின் ஒரு பகுதி. ஊரும் ஆளும் மாறினாலும் திருத்த வேண்டிய இடங்கள் மட்டும் மாறுவதில்லை. இத்துறைக்குள் நுழைந்த எங்கள் எல்லோருக்கும் பழக்கமான அதே சறுக்கல்களைப் புதியவர்களும் அதே வரிசையில் செய்வதைப் பார்த்த பின்னரே இதை எழுத உட்கார்ந்தேன்.

வடக்கையும் தெற்கையும் மாற்றி எழுதுவது, புனிதரின் பெயரைத் தவறாகக் குறிப்பது போன்றவற்றை நான் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை ஊரில் யாராவது ஒருவர் மறுநாளே சுட்டிக்காட்டிவிடுவார். யார் கண்ணிலும் படாமல் அச்சேறி, பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு எல்லோராலும் நகலெடுக்கப்படுபவையே என் கவலை. பீடம் அமைந்திருக்கும் கிழக்குப் பகுதியைப் பீடப்பகுதி என்றும், மக்கள் கூடும் பெரிய பகுதியை நடுக்கூடம் என்றும், தூண் வரிசைக்கு அப்பால் அதையொட்டி நீளும் பகுதியைப் பக்கக்கூடம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதல் பங்குக்குருவின் ஆண்டையே தொடக்கம் என்று கொள்வது

பெரும்பாலான ஊர்த் தேவாலயங்களில் கதவருகே ஒரு மரப்பலகை தொங்கும். பங்குக்குருக்களின் பெயர்கள் அதில் ஆண்டுவாரியாக எழுதப்பட்டிருக்கும். முதல் பெயருக்கு எதிரே 1220 என்றோ 1231 என்றோ இருந்தால், புதியவர் உடனே "13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது" என்று எழுதிவிடுகிறார். அந்த ஆண்டு அக்கட்டடத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆயரின் அலுவலகத்தில் பதிவேடு எழுதும் பழக்கம் எப்போது தொடங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் ஆயர் பதிவேடுகளில் மிகப் பழையவை லிங்கன் மறைமாவட்டத்தில் 1209 முதல் 1235 வரை ஆயராக இருந்த வெல்ஸ் நகர ஹியூவின் காலத்தவை. ஆகவே அந்த மறைமாவட்டத்தின் பற்பல ஊர்களில் 'முதல் குரு' ஏறத்தாழ ஒரே காலத்தில் முளைத்திருப்பதில் வியப்பில்லை. அவருக்கு முன்பு அங்கே ஐந்து தலைமுறைக் குருக்கள் வாழ்ந்து மறைந்திருக்கலாம்.

1086இல் தொகுக்கப்பட்ட டோம்ஸ்டே நிலவரி ஏட்டிலும் இதே சிக்கல் உண்டு. அதில் ஊரின் பெயர் இருந்து தேவாலயம் குறிக்கப்படவில்லை என்றால், அப்போது தேவாலயமே இல்லை என்று முடிவுகட்டுகிறார்கள். வரி வசூலுக்காக எழுதப்பட்ட அந்த ஏட்டில் தேவாலயங்களைக் குறிப்பதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான விதி எதுவும் பின்பற்றப்படவில்லை. சஃபோக் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான தேவாலயங்களைக் குறித்த கணக்கர்கள், அடுத்திருக்கும் கேம்பிரிட்ஜ் மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றையே குறித்தார்கள். கேண்ட் மாவட்டத்தில், அதே தலைமுறையில் கேண்டர்பரியில் எழுதப்பட்ட இன்னொரு பட்டியல், பேரேட்டில் இல்லாத ஏராளமான தேவாலயங்களின் பெயர்களைத் தருகிறது. டர்ஹாமும் நார்தம்பர்லாந்தும் அந்தக் கணக்கெடுப்பிலேயே சேரவில்லை.

ஆவணத்தில் தெளிவான ஆண்டு கிடைத்தாலும் அது எதன் ஆண்டு என்று கேட்க வேண்டும். 1237இல் லண்டனில் கூடிய சங்கத்தில் திருத்தந்தையின் தூதர் ஓட்டோ, அருட்பொழிவு (வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தும் சடங்கு) செய்யப்படாத தேவாலயங்களையெல்லாம் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையாக அருட்பொழிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். அதே தூதரின் அதிகாரம் ஸ்காட்லாந்துக்கும் நீண்டது; அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆயர் டேவிட் டி பெர்னம் 1240க்கும் 1249க்கும் இடையில் 140 தேவாலயங்களை அருட்பொழிவு செய்தார். பத்தாண்டுகளில் 140 புதிய கட்டடங்கள் எழுந்தன என்று அதைப் படிப்பவர், அவற்றில் பல அதற்கு முன்பே நெடுங்காலமாக வழிபாட்டில் இருந்தவை என்பதைத் தவறவிடுவார்.

கோயில் கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டைப் படித்துக் காலம் சொல்லிப் பழகிய நமக்கு இந்த ஏமாற்றம் கூடுதலாகவே உறைக்கும். அங்கே ஊர்த் தேவாலயச் சுவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. யார்க்ஷயரில் உள்ள கிர்க்டேல் ஓர் அரிய விதிவிலக்கு. அதன் தெற்கு வாயிலின் மேல் உள்ள சூரியக் கடிகாரக் கல்லில், இடிந்து விழுந்துகிடந்த புனித கிரகோரியார் ஆலயத்தைக் கமலின் மகன் ஓர்ம் விலைக்கு வாங்கி, எட்வர்டு மன்னரும் டோஸ்டி பிரபுவும் ஆண்ட நாட்களில் அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினார் என்று பழைய ஆங்கிலத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. டோஸ்டி 1055 முதல் 1065 வரை பிரபுவாக இருந்தார் என்பதால் காலம் பத்தாண்டுக்குள் அடங்கிவிடுகிறது. இப்படி ஒரு கல் உங்கள் ஊரில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சாளரத்தின் வயதைச் சுவரின் வயதாகக் கொள்வது

மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்; இதை மட்டும் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. சாளரங்களின் பாணிகளை விளக்கும் ஒரு படத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட சாளரத்தை அதனுடன் ஒப்பிட்டு, தாளில் உள்ள ஆண்டைக் கட்டடம் முழுவதற்கும் சூட்டிவிடுவது இத்தவற்றின் வழக்கமான வடிவம். சாளரம் என்பது சுவரில் உள்ள ஓர் ஓட்டை. அந்த ஓட்டையைச் சுவரோடு சேர்த்தும் கட்டலாம், முந்நூறு ஆண்டுகள் கழித்து வெட்டியும் வைக்கலாம், வேறொரு சுவரில் இருந்ததைப் பெயர்த்துக் கொண்டுவந்தும் பொருத்தலாம். எது நடந்தது என்பதைச் சாளரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாளரமும் சுவரும் சந்திக்கும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டர்ஹாம் மாவட்டத்தில் பிஷப் ஆக்லண்டுக்கு அருகில் உள்ள எஸ்கம் தேவாலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அது, இங்கிலாந்தில் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியிருக்கும் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. உயரமாகவும் குறுகலாகவும் நீளும் அதன் நடுக்கூடத்தின் சுவரில், மேலே மிக உயரத்தில், சிறிய பழஞ்சாளரங்கள் இருக்கின்றன. பிற்காலத்தவர்களுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. எனவே அதே சுவர்களில் பெரிய சாளரங்களை வெட்டினார்கள். 13ஆம் நூற்றாண்டுக்குரிய ஒடுங்கிய கூர்முனைச் சாளரங்களும் அவற்றில் உண்டு. தாளை மட்டும் நம்புகிறவர் கண்ணுக்கு நேராக இருக்கும் பெரிய சாளரத்தைப் பார்த்து 13ஆம் நூற்றாண்டு என்று எழுதி, அரை ஆயிரம் ஆண்டைத் தொலைத்துவிடுகிறார்.

அதே எஸ்கம்மில் எதிர்த்திசையில் தவறுவோரும் உண்டு. அத்தேவாலயம் அருகில் உள்ள பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டு கட்டப்பட்டது. வடக்குச் சுவரில் ஆறாம் படையணியைக் குறிக்கும் இலத்தீன் எழுத்துகள் கொண்ட கல் தலைகீழாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லைக் கண்டு இது ரோமானியக் கட்டடமாக இருந்து தேவாலயமாக மாறியது என்று எழுதுவோரை நான் சந்தித்திருக்கிறேன். எழுத்து தலைகீழாக இருப்பதே அந்தக் கல் வேறிடத்திலிருந்து வந்தது என்பதற்குச் சான்று. நார்த்தாம்ப்டன்ஷயரின் பிரிக்ஸ்வொர்த் தேவாலயத்தில், 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முந்தைய சாக்சன் காலத்தின் கொத்தர்கள் தங்கள் வளைவுகளுக்கு ரோமானியச் செங்கற்களைப் பயன்படுத்தினார்கள். அங்கும் இதே கதை. ஆக, சுவரை விட இளைய சாளரமும் இருக்கலாம், சுவரை விட மூத்த கல்லும் இருக்கலாம்.

மூத்த கல்லிலும் மிகவும் ஏமாற்றுவது வாசல்தான். 12ஆம் நூற்றாண்டு நார்மன் கொத்தர்கள் கொடிகளும் வளைநெளிவுகளும் விலங்கு முகங்களும் செதுக்கிய வாசல்கள் பிற்காலத்தவர்களுக்கும் பிடித்திருந்தன. நடுக்கூடத்தின் தெற்கே பக்கக்கூடம் சேர்க்க முடிவுசெய்தபோது பழைய தெற்குச் சுவர் உடைபடும். அதில் இருந்த அழகிய வாசலை மட்டும் கல் கல்லாகப் பெயர்த்து, பத்தடி தள்ளி எழுந்த புதிய வெளிச்சுவரில் மீண்டும் பொருத்திவிடுவார்கள். இன்று நாம் நுழையும் வாசல் 12ஆம் நூற்றாண்டினது. அதைச் சுற்றியுள்ள சுவர் 14ஆம் நூற்றாண்டினது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கிருந்த தேவாலயத்துக்குத் தெற்கே பக்கக்கூடம் உண்டு, வடக்கே இல்லை. தெற்குப் பக்கக்கூடத்தில் வளைநெளிவு செதுக்கிய நார்மன் வாசல். வடக்குச் சுவரில் 15ஆம் நூற்றாண்டின் அகன்ற சாளரங்கள். ஊர்க்குழுவினர் எழுதிய சிறுநூல், தெற்குப் பகுதி ஏறத்தாழ 1150இல் கட்டப்பட்டது, வடக்குச் சுவர் 15ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது என்று உறுதியாகச் சொன்னது. அந்த ஆண்டைக் கணக்கில் வைத்து விழா எடுத்தார்கள், நிதி திரட்டினார்கள், பலகைக்கல்லில் ஆண்டைப் பொறித்து நடையில் பதித்தார்கள். இதுவரை யாருக்கும் பெரிய இழப்பில்லை. பிறகு மழைநீர் வடிகாலை மாற்றியமைக்க வேண்டியிருந்தது. இத்தகைய பணிக்கு மறைமாவட்ட அனுமதி கேட்கும்போது கட்டடத்தின் எந்தப் பகுதி எவ்வளவு முக்கியம் என்று ஓர் அறிக்கை இணைக்க வேண்டும். சிறுநூலில் இருந்ததை அப்படியே அறிக்கையில் எழுதினார்கள். பழமையான தெற்குப் பக்கத்தைத் தொடாமல், பிற்காலத்ததும் அலங்காரமற்றதுமான வடக்குப் பக்கத்தில் வாய்க்கால் தோண்டுவதே பாதுகாப்பு என்று முடிவாயிற்று.

தோண்டியபோது வடக்குச் சுவரை ஒட்டி, அதனோடு பிணைந்து வெளியே ஓடும் ஓர் அடித்தளம் தென்பட்டது. இடிக்கப்பட்ட ஒரு பக்க அறையின் அடித்தளம் அது. பணி நின்றது, தொல்லியலாளரை அழைக்க வேண்டிவந்தது, ஒப்பந்தக்காரர் காத்திருந்த நாட்களுக்கும் பணம் கேட்டார், திரட்டிய நிதியில் பெரும்பகுதி வாய்க்காலிலேயே கரைந்தது. நான் அங்கே போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். வடக்குச் சுவரின் கிழக்கு மூலையில், நிமிர்ந்த நீளக்கல்லும் கிடந்த தட்டைக்கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்ட சாக்சன் கால மூலைக்கட்டு எல்லோரும் பார்க்கும் உயரத்திலேயே இருந்தது. மழைநீர்க் குழாய் ஒன்று அதன் மேல் ஓடியதால் யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை. 15ஆம் நூற்றாண்டுச் சாளரங்களைச் சுற்றிலும் கல்வரிசைகள் குலைந்து, சிறு கற்களால் அடைத்துச் சரிக்கட்டப்பட்டிருந்தன. தெற்கே போனால், நார்மன் வாசலின் வளைவில் வளைநெளிவு ஓரிடத்தில் தடம் மாறியது; புதிய இடத்தின் அகலத்துக்கு இணங்க ஒரு வளைவுக்கல்லைச் செதுக்கிக் குறுக்கியிருந்தார்கள். வாசலின் இருபுறமும் ஓடிய அடிவரிக் கற்கள் 14ஆம் நூற்றாண்டு வடிவத்தில் இருந்தன, வாசலோடு பொருந்தவும் இல்லை. ஊரார் முக்கியமில்லை என்று தோண்டக் கொடுத்த சுவரே கட்டடத்தின் மிக மூத்த சுவர். பொத்திப் பாதுகாத்த சுவர் அதைவிட முந்நூறு ஆண்டு இளையது. பலகைக்கல் இன்றும் நடையில் இருக்கிறது. அதன் ஆண்டைப் பார்த்து எழுதிய இணையப் பக்கங்களும் இருக்கின்றன.

இதைத் தவிர்க்கும் முறை கடினமானதல்ல, பொறுமையை மட்டுமே கேட்கிறது. ஆண்டை மறந்துவிட்டு, எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசையை முதலில் நிறுவுங்கள். எது எதை வெட்டுகிறது என்று பாருங்கள், வெட்டுவது பிந்தியது. இரண்டு சுவர்கள் சந்திக்குமிடத்தில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கின்றனவா, அல்லது மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக ஒரு மூட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். நேர்மூட்டு இருந்தால் ஒன்று மற்றொன்றின் மேல் சாய்த்துக் கட்டப்பட்டது. கோபுரத்தின் கிழக்கு முகத்தில் பழைய கூரை பதிந்திருந்த சாய்கோடு தெரிகிறதா என்று உள்ளேயும் வெளியேயும் தேடுங்கள். எல்லாச் சுவர்களின் தடிமனையும் வாசலிலும் சாளரத்திலும் அளந்து குறியுங்கள். சாக்சன் சுவர்கள் பெரும்பாலும் மூன்றடிக்குக் குறைவாகவே இருக்கும். ஒரே நடுக்கூடத்தில் தடிமன் திடீரென மாறினால் அங்கே ஒரு கதை உண்டு.

தூண் வரிசையைப் பார்க்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. பக்கக்கூடத்தை எழுப்பும் கொத்தர்கள், வழிபாடு தடைபடாமல் இருக்கும்பொருட்டு, முதலில் வெளியே புதிய சுவரையும் கூரையையும் கட்டிமுடிப்பார்கள். பிறகு பழைய சுவரைச் சிறுசிறு பகுதியாகக் குடைந்து தூணையும் வளைவையும் செருகுவார்கள். அதனால் வளைவுகளுக்கு மேலே நிற்கும் சுவர், தன்னைத் தாங்கும் தூண்களை விட மூத்ததாக இருப்பது சாதாரணம். அந்தச் சுவரின் உயரத்தில், கீழிருந்து எழும்பிய வளைவால் பாதி வெட்டப்பட்ட ஒரு பழைய சாளரத்தின் தலைப்பகுதி சில நேரம் எஞ்சியிருக்கும். தூணைப் பார்த்துக் காலம் சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் தலையை நிமிர்த்துவதே இல்லை.

ஒரே கட்டடத்தின் பகுதிகள் இப்படித் தாறுமாறான வயதுடையவையாக இருப்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 13ஆம் நூற்றாண்டு முதல் நிலைத்த வழக்கப்படி பீடப்பகுதியைப் பேணுவது பங்கின் வருவாய்க்கு உரிமையாளரான குருவின் கடமை, நடுக்கூடத்தைப் பேணுவது ஊர்மக்களின் கடமை. வருவாய் ஒரு மடத்துக்குப் போய்ச் சேர்ந்த ஊர்களில் பீடப்பகுதி பல தலைமுறைகளுக்கு ஒட்டுப்போடப்பட்டே கிடக்க, கம்பளி விற்றுச் செழித்த ஊரார் நடுக்கூடத்தை வானளாவ உயர்த்தியிருப்பார்கள். அந்தப் பழங்கடமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வந்து, வார்விக்ஷயரின் ஆஸ்டன் கேண்ட்லோ ஊரில் ஒரு பண்ணையை வைத்திருந்தவர்கள் பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்க வேண்டும் என்று 2003இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளிக்கும் அளவுக்கு உயிரோடு இருந்தது. பீடப்பகுதிக்கும் நடுக்கூடத்துக்கும் ஒரே ஆண்டைச் சூட்டுவதற்கு முன், அவற்றுக்குப் பணம் தந்தவர்கள் வேறு வேறு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீச்சில் கட்டப்பட்டவை அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஹெரிஃபோர்ட்ஷயரின் கில்பெக் அப்படிப்பட்டது. நடுக்கூடம், பீடப்பகுதி, அரைவட்டப் பின்சுவர் மூன்றும் ஏறத்தாழ 1140ஐ ஒட்டிய ஒரே திட்டத்தின் விளைவு. கூரைக்குக் கீழே சுற்றிவரும் தாங்குகற்களின் முகங்களும் அதே பட்டறையின் கைவண்ணம். கில்பெக்கைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாத் தேவாலயங்களும் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்வது என் தலைவலிகளில் ஒன்று.

வரிசையை முன்வைத்துச் சிந்திப்பதன் பலனை இத்துறையின் தொடக்கத்திலேயே கட்டடக்கலைஞர் தாமஸ் ரிக்மன் காட்டிவிட்டார். லிங்கன்ஷயரின் பார்ட்டன்-அபான்-ஹம்பர் நகரில் உள்ள புனித பேதுரு ஆலயத்தின் கோபுரத்தில், கீழ்த்தளங்கள் மெல்லிய கல்பட்டைகளால் ஒரு வகையாக அலங்கரிக்கப்பட்டிருக்கின்றன. உச்சித்தளம் மட்டும் நார்மன் தொடக்கக் காலப் பாணியில் வேறு வகையாக இருக்கிறது. மேலே இருப்பது நார்மன் என்றால் அதற்குக் கீழே இருப்பது அதைவிடப் பழையதாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். சாக்சன் கட்டடக்கலை என்று ஒன்றை அடையாளம் காண முடிந்தது அந்த எளிய வாதத்தால்தான்.

பாணிப் பெயர்களைக் கடிகாரமாக நம்புவது

நார்மன், ஏர்லி இங்கிலிஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்னும் நாற்பிரிவை 1817இல் வெளியிட்டவரும் அதே ரிக்மன்தான். அவர் வகுத்த எல்லைகள் 1189, 1307, 1377 என்று மன்னர்களின் ஆட்சி முடிவுகளோடு ஒத்திருந்தன. மன்னர் இறந்த செய்தியைக் கேட்டு ஊர்க்கொத்தர் உளியை மாற்றிக்கொள்வதில்லை. சஃபோக் கடற்கரையின் வால்பர்ஸ்விக் ஊரார் 1425இல் இரண்டு கொத்தர்களோடு செய்துகொண்ட கோபுர ஒப்பந்தம் எஞ்சியிருக்கிறது. அதில் பாணி எதற்கும் பெயரில்லை. டன்ஸ்டல் கோபுரத்தைப் போலச் சுவர் இருக்க வேண்டும், ஹேல்ஸ்வர்த்தில் உள்ளதைப் போல மேற்கு வாசலும் சாளரங்களும் அமைய வேண்டும் என்று அண்டை ஊர்க் கட்டடங்களையே ஊரார் மாதிரியாகச் சுட்டினார்கள். கூலி ஒரு கஜ உயரத்துக்கு 40 ஷில்லிங், அதோடு ஆண்டுதோறும் ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன். அண்டை ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்பு எழுந்ததை மாதிரியாகக் கொண்டு கட்டும் வழக்கம் இருக்கும்வரை, பாணியை வைத்துச் சொல்லும் எந்த ஆண்டிலும் முப்பது நாற்பது ஆண்டு இடைவெளி விடுவதே நியாயம். தொலைவில் உள்ள மலையூர்களில் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பணி செய்த பருவத்தையும் அந்த ஒப்பந்தம் மார்ச்சு இறுதிக்கும் செப்டம்பர் இறுதிக்கும் இடையில் கட்டுப்படுத்தியது. பனியில் சுண்ணச்சாந்து இறுகாது. ஆண்டுதோறும் நிறுத்தி நிறுத்தி எழுப்பிய கோபுரங்களில் சாந்தின் நிறமும் கல்லின் தேர்வும் மாறும் கிடைக்கோடுகள் சில நேரம் தெரியும். அவற்றை வேறு வேறு நூற்றாண்டுகளாக எண்ணி மயங்க வேண்டாம்.

விக்டோரியா காலத்தை மறந்துவிடுவது

இன்று நாம் காணும் 'இடைக்காலத்' தேவாலயங்களில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் கையைக் கடந்து வந்தவை. 1839இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தொடங்கிய கேம்டன் சங்கம் 14ஆம் நூற்றாண்டுப் பாணியையே உச்சம் என்று போற்றியது. அதன் தாக்கத்தில் பின்னாளைய சாளரங்கள் பிடுங்கப்பட்டு, அந்தக் காலத்தில் 'இருந்திருக்க வேண்டியவை' அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டன. உட்சுவரின் காரைப்பூச்சு உரிக்கப்பட்டு, எவர் கண்ணும் காணக்கூடாது என்று கட்டப்பட்ட கரடுமுரடான கல் வெளியே தெரியவிடப்பட்டது. இடைக்காலத்தில் அந்தச் சுவர்கள் வெண்சுண்ணம் பூசி, ஓவியம் தீட்டியவையாக இருந்தன. இந்தச் சுரண்டலை எதிர்த்தே 1877இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்.

கல்லின் மேற்பரப்பைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். நார்மன் கற்களில் கோடரியின் சாய்ந்த கொத்துத் தடங்கள் தெரியும். 1174ஆம் ஆண்டுத் தீக்குப் பிறகு கேண்டர்பரியில் நடந்த மறுகட்டுமானத்தைப் பதிவுசெய்த ஜெர்வஸ் என்னும் துறவி, பழைய வேலை கோடரியால் ஆனது, புதிய வேலை உளியால் ஆனது என்று அன்றே வேறுபடுத்தி எழுதினார். விக்டோரியா காலக் கற்களோ ஒரே அளவில், ஒரே சீரான இழைப்புடன், மூலைகள் கூர் மழுங்காமல் நிற்கும்.

எசெக்ஸின் கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம் இரு வகையிலும் பாடம் தரும். பிளந்த கருவாலி மரத்தண்டுகளை நிறுத்திக் கட்டிய அச்சுவர்கள் 9ஆம் நூற்றாண்டினவை என்று நெடுங்காலம் அச்சிட்டு வந்தார்கள். 1990களில் நடந்த மரவளைய ஆய்வு, மரங்கள் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதை ஒட்டியோ வெட்டப்பட்டவை என்று காட்டியது. அத்தண்டுகள் இன்று ஒரு செங்கல் அடித்தளத்தின் மேல் நிற்கின்றன. 1848இல் தொடங்கிய புதுப்பிப்பில் உளுத்த அடிப்பகுதியை அறுத்து அப்படி நிறுத்தினார்கள். செங்கல் திண்ணையை இடைக்காலத்தது என்று எழுதிய கைப்பிரதி ஒன்று என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. அதன் மேல் நான் எழுதிய குறிப்பு அவ்வளவு மென்மையாக இல்லை.

தனித்து நிற்கும் தேவாலயத்துக்கெல்லாம் கொள்ளைநோயைக் காரணம் சொல்வது

வயல் நடுவே தனியாக ஒரு தேவாலயம் நின்றால், 1348–49 கொள்ளைநோயில் ஊர் அழிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கதைக்குப் புகழ்பெற்ற சாட்சியாகச் சொல்லப்படும் யார்க்ஷயரின் வாரம் பெர்சி என்னும் ஊரே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 1950 முதல் 1990 வரை மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் முன்னின்று நடத்திய அகழாய்வுகளும் ஆவணங்களும் சேர்ந்து காட்டியது என்னவென்றால், நோய்க்குப் பிறகும் அவ்வூர் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்தது. 1500ஐ ஒட்டி நிலவுடைமையாளர்கள் உழுநிலத்தை ஆட்டு மேய்ச்சலாக மாற்றியபோதுதான் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அங்குள்ள புனித மார்ட்டின் ஆலயத்தில் மக்கள் பெருகியபோது சேர்த்த பக்கக்கூடங்கள் பின்னர் இடிக்கப்பட்டு, வளைவுகள் கல்லால் அடைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். ஊர் சுருங்கியபோது தேவாலயமும் சுருங்கியது. வால்பர்ஸ்விக்கிலும் அப்படித்தான், பெரிய தேவாலயத்தைத் தாங்க முடியாத ஊரார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் பெரும்பகுதியை இடிக்க அனுமதி பெற்று, தெற்குப் பக்கக்கூடத்தின் ஒரு பகுதியோடு கோபுரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நார்ஃபோக்கிலோ, நோய்க்கு வெகுகாலம் முன்பே மக்கள் பொதுப் புல்வெளிகளின் ஓரத்துக்குக் குடிபெயர்ந்ததால் தேவாலயம் தனித்துப்போன ஊர்கள் பல.

தொழுநோயாளர் சாளரம்

பீடப்பகுதியில் தாழ்வாக இருக்கும் சாளரத்துக்கு அந்தப் பெயரை வைத்தது பிற்காலக் கற்பனை. எழுதாதீர்கள்.

சாய்ந்த பீடப்பகுதி

நடுக்கூடத்தின் நேரிலிருந்து விலகி நிற்கும் பீடப்பகுதி, சிலுவையில் சாய்ந்த இயேசுவின் தலையைக் குறிப்பதன்று. பழைய பீடப்பகுதி நிற்கும்போதே அதைச் சுற்றிப் புதியதை எழுப்பியவர்களின் அளவுக்கயிறு நேராக இல்லை.

கப்பல் மரத்தில் செய்த கூரை

கடலிலிருந்து எண்பது மைல் தொலைவில் உள்ள ஊரிலும் இதைச் சொல்கிறார்கள். துளையும் வெட்டும் இருப்பது பழைய கட்டடத்தின் மரம் என்பதால்.

எழுத்து தெரிவதற்காகக் கல்லைத் தேய்ப்பது

கூடவே கூடாது. மாவும் சுண்ணக்கட்டியும் கம்பித் தூரிகையும் வேண்டாம். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தால் போதும்.

சிமெண்டுப் பூச்சை வைத்துச் சுவரின் நிலையை மதிப்பிடுவது

1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமெண்டு 20ஆம் நூற்றாண்டில் எண்ணற்ற தேவாலயச் சுவர்களின் மூட்டுகளில் அடைக்கப்பட்டது. சுண்ணச்சாந்து சுவரின் ஈரத்தை மூட்டு வழியாக வெளியேற விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் கல்லின் வழியாகவே வெளியேற முயன்று, உறைபனியில் கல்லின் முகத்தையே உதிர்க்கிறது. மூட்டு முழுதாக நின்று கல் குழிவிழுந்திருக்கும் சுவரைக் கண்டு, இங்கே மட்டமான கல்லைப் பயன்படுத்தினார்கள் என்று இடைக்காலக் கொத்தர்மேல் பழிபோடும் குறிப்புகளை நான் அடிக்கடி நீக்குகிறேன். அந்த மூட்டுகளின் வடிவத்தை வைத்துக் கட்டுமானக் கட்டங்களைப் பிரிப்பதும் பயனற்றது. சிமெண்டு பூசியவர் நேர்மூட்டையும் சேர்த்தே மூடியிருப்பார். அப்படிப்பட்ட சுவரில் வெளியே தேடுவதை விட்டு, கூரைக்குக் கீழே பூச்சு எட்டாத உயரத்திலும் கோபுரப் படிக்கட்டின் உட்புறத்திலும் பாருங்கள். படிக்கட்டுச் சாவி பெரும்பாலும் மணியடிப்போரிடம் இருக்கும்.